வீங்கிய இதயத் தமனிக்கு அறுவை சிகிச்சை: என் அனுபவமும் நான் கேட்ட கேள்விகளும்

இதய ரத்தக்குழாயில் பிரச்சினை என்றதுமே எல்லோருக்கும் அடைப்புதான் ஞாபகத்துக்கு வரும். எனக்கு வந்தது வேறு. இதயத் தசைக்கு ரத்தம் கொண்டுபோகும் வலது கரோனரி தமனி ஓரிடத்தில் பெருத்து வீங்கிவிட்டது. டாக்டர்கள் இதைக் கரோனரி அனியூரிசம் என்கிறார்கள். 3 அல்லது 4 மில்லிமீட்டர் அகலம் இருக்க வேண்டிய குழாய், அந்த இடத்தில் 28 மில்லிமீட்டர் இருந்தது. நெஞ்சைத் திறந்து அறுவை சிகிச்சை செய்துதான் அதைச் சரிசெய்தார்கள்.

நோய் தெரிந்த நாட்களில் இதைப் பற்றித் தமிழில் நிறையத் தேடினேன். அடைப்பு, ஸ்டென்ட், கொலஸ்ட்ரால் பற்றி எவ்வளவோ கிடைத்தது. வீக்கத்துக்கு என்ன செய்வார்கள், அதற்குப் பிறகு வாழ்க்கை எப்படி இருக்கும் என்று நோயாளியின் பக்கத்திலிருந்து சொன்னவர்கள் அரிது. அந்தக் குறைக்காகவே எழுதுகிறேன். மருந்தும் அளவும் ஆளுக்கு ஆள் மாறும், அதை உங்கள் டாக்டர்தான் முடிவு செய்ய வேண்டும். நான் சொல்லப்போவது என்ன கேட்கலாம், எதற்குத் தயாராக இருக்கலாம் என்பதைத்தான்.

எனக்கு அப்போது நாற்பதைத் தாண்டியிருந்தது. சர்க்கரை இல்லை, புகை இல்லை, ரத்த அழுத்தமும் சரியாகவே இருந்தது. மாடிப்படி ஏறும்போது நெஞ்சில் ஒரு பாரம், நின்றால் போய்விடும். ஒருநாள் இரவு அது போகவில்லை. மருத்துவமனையில் ரத்தப் பரிசோதனையில், இதயத் தசை பாதிக்கப்பட்டால் கூடும் ட்ரோபோனின் என்ற புரதம் உயர்ந்திருந்தது, அதாவது சிறிய அளவில் மாரடைப்பு வந்துவிட்டது. ஆஞ்சியோகிராம் எடுத்தபோது திரையை என்னாலும் பார்க்க முடிந்தது. மற்ற குழாய்களில் செலுத்திய சாயம் சட்டென்று ஓடி மறைந்தது. வலது தமனியில் மட்டும் ஓரிடத்தில் சுழன்று தேங்கி, வெளியேற நேரம் எடுத்துக்கொண்டது. அறையில் இருந்தவர்கள் கொஞ்ச நேரம் எதுவும் பேசவில்லை.

குழாய் அகலமாக இருந்தால் ரத்தம் தாராளமாக ஓடுமே, அதில் என்ன ஆபத்து என்று என் கணவர் கேட்டார். நியாயமான கேள்விதான், நிறையப் பேருக்கு இந்தச் சந்தேகம் வரும். ஓடுகிற வாய்க்காலின் நடுவே ஒரு குளத்தை வெட்டிவிட்டால் தண்ணீர் அங்கே வேகம் குறைந்து தேங்குமல்லவா, அதேதான் நடக்கிறது. தேங்குகிற ரத்தம் உறையும். உறைந்த கட்டி அங்கேயே குழாயை அடைக்கலாம், அல்லது துணுக்குகளாகப் பிரிந்து கீழே மெல்லிய கிளைகளில் போய்ச் சிக்கலாம். என் மாரடைப்புக்கு இரண்டாவதுதான் காரணம். இது தவிர, பெரிய வீக்கம் பக்கத்திலுள்ள இதய அறையை அழுத்தலாம். அரிதாக வெடித்து, இதயத்தைச் சுற்றியுள்ள உறைக்குள் ரத்தம் நிரம்பவும் கூடும். வெடித்துவிடுமோ என்பதுதான் எங்கள் எல்லோருடைய பயமாகவும் இருந்தது. ஆனால் டாக்டர்கள் தினமும் கவலைப்பட்டது ரத்தக்கட்டியைப் பற்றி. அன்றாடம் ஆபத்து எங்கே இருக்கிறது என்று புரிந்த பிறகுதான் மருந்துகளை ஏன் இவ்வளவு கண்டிப்பாகக் கொடுக்கிறார்கள் என்பது எனக்கு விளங்கியது.

ஒரு சின்னக் கணக்கும் தெரிந்துகொள்ளுங்கள். பக்கத்தில் இயல்பாக உள்ள பகுதியைவிட ஒன்றரை மடங்குக்கு மேல் ஓரிடம் பெருத்திருந்தால் அனியூரிசம் என்கிறார்கள். குழாயின் நீளம் முழுக்கப் பரவலாக அகன்றிருந்தால் எக்டேசியா. ஆஞ்சியோ எடுக்கும் நூறு பேரில் அதிகபட்சம் ஐந்து பேரிடம் இப்படி ஏதாவது தென்படுவதாக ஆய்வுகள் சொல்கின்றன. அதில் பெரும்பாலானவை சிறியவை, கத்தி வைக்கத் தேவையே இல்லாதவை. ஆகவே அறிக்கையில் அந்த வார்த்தையைப் பார்த்தவுடன் பதறாதீர்கள். எத்தனை மில்லிமீட்டர், எந்தக் குழாய், உள்ளே ரத்தக்கட்டி இருக்கிறதா, கூடவே அடைப்பும் இருக்கிறதா என்ற நான்கையும் கேட்டு எழுதி வைத்துக்கொள்ளுங்கள்.

அடுத்து, இது எங்கிருந்து வந்தது என்ற கேள்வி. பெரியவர்களுக்குப் பெரும்பாலும் கொழுப்புப் படிந்து தமனிச் சுவர் பலவீனமாவதுதான் காரணம். எனக்கு எடுத்த சிடி ஸ்கேனில் வீக்கத்தின் சுவரைச் சுற்றி வளையமாகச் சுண்ணாம்பு படிந்திருந்தது. அதைப் பார்த்த டாக்டர், "சின்ன வயசுல ரொம்ப நாள் விடாத காய்ச்சல் ஏதாவது வந்துச்சாம்மா?" என்று கேட்டார். எனக்கு எங்கே நினைவிருக்கும்? அம்மாவைக் கேட்டேன். அம்மா யோசிக்கவே இல்லை. "நாலு வயசுல உனக்கு ஒரு காய்ச்சல் வந்து இறங்கவே இல்லையே. கண்ணு ரெண்டும் செவசெவன்னு இருந்துச்சு, நாக்கும் சிவந்து போச்சு. காய்ச்சல் விட்டப்புறம் விரல் நுனியில எல்லாம் தோல் உரிஞ்சுது" என்றார்.

அது கவாசாகி நோயாக இருந்திருக்க வேண்டும் என்பது டாக்டர்களின் முடிவு. டோமிசாகு கவாசாகி என்ற ஜப்பானியக் குழந்தை மருத்துவர் 1961இல் முதல் குழந்தையைப் பார்த்து, 1967இல் ஐம்பது குழந்தைகளைப் பற்றி எழுதி உலகுக்குச் சொன்ன நோய் அது. ரத்தக்குழாய்ச் சுவரில் அழற்சி ஏற்பட்டு, சிகிச்சை இல்லாமல் போனால் ஏறத்தாழ நான்கில் ஒரு குழந்தைக்குக் கரோனரி தமனி பாதிக்கப்படுகிறது. காய்ச்சல் தொடங்கிய பத்து நாட்களுக்குள் இம்யூனோகுளோபுலின் என்ற மருந்தை நரம்பு வழியாக ஏற்றினால் இந்த ஆபத்து நூற்றுக்கு ஐந்து என்ற அளவுக்குக் குறைந்துவிடும். வீட்டில் சிறு குழந்தை உள்ளவர்களுக்கு நான் இதை அழுத்திச் சொல்ல விரும்புகிறேன். ஐந்து நாளாக விடாத காய்ச்சலோடு சீழ் இல்லாத கண் சிவப்பு, வெடித்த உதடு, சிவந்த நாக்கு, உடம்பில் தடிப்பு, கை கால் வீக்கம், கழுத்தில் நெறி என்று சில சேர்ந்து தெரிந்தால், "கவாசாகியா என்று பாருங்கள் டாக்டர்" என்று நீங்களே வாய்விட்டுக் கேளுங்கள். எல்லா அறிகுறியும் ஒரே நாளில் தெரியாது. வந்து போனதையும் சேர்த்துச் சொல்லுங்கள், போட்டோ எடுத்து வைத்துக் காட்டுங்கள்.

சரி, சிகிச்சைக்கு வருகிறேன். மூன்று வழிகள் உண்டு என்றார்கள். மாத்திரை மட்டும் கொடுத்துக் கண்காணிப்பது முதல் வழி. துணி போன்ற உறை போர்த்திய ஸ்டென்டை உள்ளே வைத்து வீக்கத்தை ரத்த ஓட்டத்திலிருந்து விலக்குவது இரண்டாவது. மூன்றாவது அறுவை. ஸ்டென்ட் போதுமென்றால் நெஞ்சைத் திறக்க வேண்டாமே என்று நான் அதையேதான் பிடித்துக்கொண்டிருந்தேன். ஸ்டென்டின் இரு முனைகளும் இயல்பான அகலமுள்ள குழாயில் இறுகப் பொருந்தி உட்கார வேண்டும். எனக்கு வீக்கம் தமனியின் தொடக்கத்துக்கு மிக அருகில் இருந்தது, அளவும் பெரிது, உள்ளே பழைய ரத்தக்கட்டியும் இருந்தது. அதனால் அந்த வழி சரிப்படாது என்று படத்தை வைத்தே விளக்கினார்கள். இந்த நோய் அரிது என்பதால், இவ்வளவு அளவுக்கு இதுதான் சிகிச்சை என்று அடித்துச் சொல்லும் பெரிய ஒப்பீட்டு ஆய்வுகள் கிடையாது. ஆஞ்சியோ செய்யும் டாக்டரும் அறுவை டாக்டரும் ஒரே மேசையில் உட்கார்ந்து ஒவ்வொருவருக்கும் தனியாகத்தான் முடிவெடுக்கிறார்கள். அதனாலேயே இரண்டாவது கருத்து கேட்பது இந்த நோயில் மிக அவசியம் என்று நினைக்கிறேன். இத்தகைய வீக்கங்களுக்கு அறுவை செய்து பழகிய குழு இருக்கும் இடமாகப் பார்த்துக் கேளுங்கள். அறிக்கைத் தாள் மட்டும் போதாது, ஆஞ்சியோ வீடியோவும் சிடி படங்களும் அடங்கிய டிஸ்க்கைக் கேட்டு வாங்கிக்கொண்டு போங்கள். அவர்கள் பார்க்க விரும்புவது அதைத்தான்.

அறுவை டாக்டரிடம் நான் கேட்டவற்றில் மிகவும் பயன்பட்ட கேள்வி இது: "பைபாஸ் மட்டும் செய்வீங்களா, இல்ல அந்த வீக்கத்தையும் மூடிடுவீங்களா?" அவர் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து பதில் சொன்னார். "ரெண்டும் செய்யணும்மா. புது வழி மட்டும் போட்டுட்டு வீக்கத்தை அப்படியே விட்டா, அதுல கட்டி உருவாகறதும் துணுக்கு போறதும் நிக்காது. இன்னொண்ணு, பழைய வழியிலயும் ரத்தம் நல்லா வந்துட்டிருந்தா புது வழிக்கு ஓட்டம் குறையும். ஓட்டம் குறைஞ்ச இணைப்பு நாளடைவுல சுருங்கி மூடிக்கும்." இந்த அறுவையின் சாரமே அந்தப் பதிலில் இருப்பதாக எனக்குத் தோன்றியது. சாதாரண பைபாஸில் அடைப்பை அங்கேயே விட்டுவிட்டு அதைத் தாண்டிப் பாதை போடுகிறார்கள். இதில் பழைய பாதையை மூடும் வேலையும் சேர்கிறது. மூடும் இடத்திலிருந்து ஏதாவது கிளை பிரிகிறதா, பிரிந்தால் அந்தக் கிளைக்கு ரத்தம் எப்படிப் போகும் என்பதையும் கேளுங்கள். எத்தனை பெரிய வீக்கம் என்பதைவிட, அதிலிருந்து என்னென்ன பிரிகிறது என்பதுதான் சில சமயம் முடிவை மாற்றுகிறது.

என் விஷயத்திலேயே அது நடந்தது. இடது பக்கத்தில் முன்னிறங்கு தமனியிலும் 9 மில்லிமீட்டருக்கு ஒரு வீக்கம் இருந்தது. அது முடியும் இடத்தில் கடுமையான சுருக்கமும் இருந்தது. அந்த வீக்கத்திலிருந்து இதயத்தின் நடுச்சுவருக்குப் போகும் கிளைகள் பிரிவதால் அதை மூடவில்லை. சுருக்கத்தைத் தாண்டி, நெஞ்சின் உட்புறம் ஓடும் மார்புத் தமனியைக் கொண்டுவந்து இணைத்தார்கள். வலது பக்கத்தில் பெரிய வீக்கத்தைத் திறந்து, அடுக்கடுக்காகப் படிந்திருந்த பழைய ரத்தக்கட்டியை எடுத்துவிட்டு, ரத்தம் உள்ளே வரும் வாயையும் வெளியே போகும் வாயையும் தைத்து மூடினார்கள். அதற்குக் கீழே காலிலிருந்து எடுத்த ரத்தக்குழாயை இணைத்தார்கள். இவ்வளவும் நடக்கும்போது இதயம் நிறுத்தப்பட்டு, ரத்தத்தைச் சுற்ற வைக்கும் வேலையை இதய-நுரையீரல் இயந்திரம் பார்த்துக்கொண்டது.

மார்புத் தமனி இணைப்பு நீண்ட காலம் உழைக்கும், பத்து ஆண்டுகள் கழித்தும் பத்தில் ஒன்பது திறந்திருக்கும் என்றார்கள். காலிலிருந்து எடுப்பது அவ்வளவு தாங்காது, பாதிக்குச் சற்று மேல்தான் அதே காலத்தில் திறந்திருக்கிறது. கவாசாகியால் குழந்தைகளுக்கே பைபாஸ் செய்ய நேரும்போதும் மார்புத் தமனியைத்தான் விரும்புகிறார்கள், உடம்பு வளர வளர அதுவும் கூடவே வளரும் என்பதால்.

அறுவைக்கு முன் செய்துகொண்டதில் இரண்டு விஷயங்கள் பெரிதும் உதவின. ஒன்று, பல் டாக்டரிடம் போய்ச் சொத்தையைச் சரிசெய்தது. பிறகு ரத்தத்தை இளக்கும் மருந்தோடு பல் பிடுங்குவது சிரமம். இன்னொன்று, மூச்சுப் பயிற்சிக் கருவியை முன்கூட்டியே வாங்கிப் பழகியது. வலியோடு படுத்திருக்கும்போது அதைப் புதிதாகக் கற்றுக்கொள்ள முடியாது. எந்த மாத்திரையை எத்தனை நாள் முன்பு நிறுத்த வேண்டும் என்பதை எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள். ரத்தம் உறைவதைத் தடுக்கும் குளோபிடோக்ரெல், வார்ஃபரின் போன்றவற்றைப் பொதுவாக ஐந்து நாள் முன்பே நிறுத்தச் சொல்வார்கள், ஆஸ்பிரினைப் பெரும்பாலும் தொடரச் சொல்வார்கள்.

ஐசியுவில் கண் விழிக்கும்போது தொண்டையில் வென்டிலேட்டர் குழாய் இருக்கும், பேச முடியாது. இதைப் பற்றி முன்பே நர்சிடம் பேசி, வலிக்கு ஒரு விரல், மூச்சுக்கு இரண்டு விரல் என்று சைகை முடிவு செய்துவைத்திருந்தேன். அந்தச் சின்ன ஏற்பாடு கொடுத்த தைரியம் கொஞ்சமல்ல. நெஞ்சுக்குள் தேங்கும் ரத்தத்தையும் நீரையும் வெளியேற்ற வைத்திருக்கும் டிரெயின் குழாய்களை உருவும் நேரம் வலிக்கும், ஆனால் சட்டென்று முடிந்துவிடும்.

வார்டுக்கு வந்த பிறகு ஒரு இரவு இதயம் தாறுமாறாக ஓடியது. எல்லாம் கெட்டுவிட்டது என்று நினைத்து அழுதேன். ஏட்ரியல் ஃபிப்ரிலேஷன் என்ற அந்தத் துடிப்புக் கோளாறு, பைபாஸ் செய்துகொண்டவர்களில் மூன்று நான்கு பேரில் ஒருவருக்கு வருமாம், அதுவும் பெரும்பாலும் இரண்டாம் நாளிலிருந்து நான்காம் நாளுக்குள். மருந்திலேயே அடங்கியது. இது வரக்கூடும் என்று முன்பே தெரிந்திருந்தால் அந்த இரவு இவ்வளவு பயமாக இருந்திருக்காது. அதனால்தான் உங்களிடம் சொல்கிறேன்.

வீட்டுக்கு வந்ததும் மாரெலும்புதான் எஜமானர். நடுவில் வெட்டிக் கம்பியால் கட்டியிருக்கிறார்கள், சேர எட்டு முதல் பன்னிரண்டு வாரம் ஆகும். அதுவரை கனமாக எதையும் தூக்கக் கூடாது, கையை ஊன்றி எழக் கூடாது, வண்டி ஓட்டக் கூடாது. இருமும்போதும் தும்மும்போதும் ஒரு தலையணையை நெஞ்சோடு இறுக்கி அணைத்துக்கொள்ளுங்கள். எழும்போது ஒருபக்கமாகப் புரண்டு, காலைக் கீழே விட்டு, அப்புறம் எழுங்கள். பெண்களுக்கு யாரும் சொல்லாத ஒன்று: மார்பின் எடை தையலை இரு பக்கமும் இழுக்கும். கம்பி இல்லாத, முன்பக்கம் கொக்கி வைத்த மென்மையான பிராவை இரவிலும் போட்டுக்கொண்ட பிறகுதான் எனக்கு அந்த இழுப்பு வலி குறைந்தது. மருத்துவமனையில் கேட்கக் கூச்சப்பட வேண்டாம். மார்புத் தமனியை எடுத்த இடது பக்கத்தில் மாதக்கணக்கில் மரத்துப்போன உணர்வு இருந்தது, மெல்லமெல்லக் குறைந்தது. காலில் குழாய் எடுத்த இடம் வீங்கும், உட்காரும்போது காலை உயர்த்தி வையுங்கள். நெஞ்செலும்பில் 'கிளிக்' என்று சத்தமோ அசைவோ தெரிந்தாலும், தையலில் நீர் கசிந்தாலும், காய்ச்சல் வந்தாலும் காத்திருக்காமல் அழைத்துவிடுங்கள்.

மனசும் ஆட்டம் காணும். நன்றாகத் தேறி வரும்போதே காரணமில்லாமல் அழுகை வந்தது, தூக்கம் கலைந்தது. இதய அறுவைக்குப் பிறகு இது பலருக்கும் வருகிறது என்று மறுவாழ்வுப் பயிற்சி மையத்தில் சொன்னார்கள். அங்கே மற்ற நோயாளிகளோடு நடந்ததும் பேசியதும்தான் என்னைத் தூக்கி நிறுத்தியது. வாரங்கள் கடந்தும் விடாவிட்டால் மனநல மருத்துவரைப் பார்ப்பதில் தயக்கமே வேண்டாம்.

மூடாமல் விட்ட அந்த இடது வீக்கத்துக்காக எனக்கு வார்ஃபரினும் குறைந்த அளவு ஆஸ்பிரினும் தொடர்கின்றன. ரத்தம் உறைய எவ்வளவு நேரம் எடுக்கிறது என்று காட்டும் ஐஎன்ஆர் என்ற ரத்தப் பரிசோதனை அளவு 2க்கும் 3க்கும் நடுவில் இருக்க வேண்டும். குறைந்தால் ரத்தம் உறையும், கூடினால் கசியும். கீரையைச் சுத்தமாக விட்டுவிட வேண்டும் என்று பலர் பயமுறுத்தினார்கள். வேண்டாம், வாரா வாரம் ஏறத்தாழ ஒரே அளவில் சாப்பிட்டால் போதும், அதற்கேற்ப மருந்தைச் சரிசெய்வார்கள். ஆன்டிபயாடிக் எதை ஆரம்பித்தாலும் ஐஎன்ஆர் மாறலாம், எனவே உடனே ஒருமுறை பார்க்கச் சொல்கிறார்கள். வலிக்கு ஐபுப்ரோஃபென் வகை மாத்திரைகளைத் தொடவே கூடாது, பாராசிட்டமாலை டாக்டர் சொன்ன அளவில் எடுக்கலாம். மாதவிடாயில் ரத்தப்போக்கு மிக அதிகமானது. அதையும் இதய டாக்டரிடமே சொன்னேன், அவர் மகளிர் மருத்துவரோடு பேசி வழிசெய்தார். கருத்தரிக்கத் திட்டமிடும் பெண்கள் வார்ஃபரின் கருவைப் பாதிக்கும் என்பதை அறிந்து முன்கூட்டியே பேச வேண்டும். தலையில் அடிபட்டால், வெளியே காயம் தெரியாவிட்டாலும், அவசரப் பிரிவுக்குப் போய்விட வேண்டும்.

வீக்கத்தை மூடியாயிற்றே, இன்னும் எதற்கு ஸ்கேன் என்று உறவினர்கள் கேட்கிறார்கள். இணைப்புகள் திறந்திருக்கின்றனவா, இடது வீக்கம் வளர்கிறதா, புதிதாக எங்காவது விரிகிறதா என்று பார்க்கத்தான். எக்கோவும் அவ்வப்போது சிடி ஆஞ்சியோவும் எடுக்கிறேன், ஒவ்வொரு முறையும் மில்லிமீட்டர் அளவை ஒரு நோட்டில் வரிசையாக எழுதுகிறேன். டாக்டர் மாறினாலும் அந்த வரிசை மாறாது. அறுவைக் குறிப்பின் நகலையும் கேட்டு வாங்கி அதே நோட்டில் ஒட்டியிருக்கிறேன். எந்த வாய் மூடப்பட்டது, எந்தக் குழாய் எங்கே இணைக்கப்பட்டது என்பது தெரியாமல் அடுத்து ஆஞ்சியோ செய்பவர், மூடிய தமனியைப் பார்த்துப் புது அடைப்பு என்று எண்ணிவிடக் கூடும். டிஸ்சார்ஜ் சுருக்கத்தில் இந்த விவரம் முழுதாக இருக்காது, தனியாகக் கேட்டால்தான் தருவார்கள்.